கலிங்கா மைதானம் மாதிரி ஒன்று நம் ஊரில் வர என்ன கேட்க வேண்டும்?

கேள்வி – பி.டி. சார்:

வணக்கம். தென்மாவட்டத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் ஊரில் சுமார் இருபது ஏக்கரில் பல விளையாட்டுகளுக்கான பூங்காவும் பயிற்சி மையமும் கட்டப்போவதாகச் சொல்லி, வரைபடத்தை ஒட்டிப் பொதுமக்களிடம் கருத்து கேட்டிருக்கிறார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம், யாரையும் குறை சொல்லும் நோக்கம் எனக்கு இல்லை. வரைபடத்தில் பெரிய பார்வையாளர் மாடம், நீரூற்று, உணவகம், நடைபாதை எல்லாம் பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் ஈட்டி எறிகிறவன் எங்கே எறிவான், பிள்ளைகள் எங்கே உடை மாற்றுவார்கள் என்று தேடினால் கண்ணில் படவில்லை.

போன வருடம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு புவனேஸ்வர் போனபோது கலிங்கா மைதானத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஒரே வளாகத்துக்குள் ஹாக்கி, தடகளம், கால்பந்து, நீச்சல், டென்னிஸ், எடை தூக்கும் கூடம், பிள்ளைகள் தங்க விடுதி. ஆறு மணிக்கெல்லாம் பத்துப் பதினைந்து பிள்ளைகள் தடை தாண்டிக்கொண்டிருந்தார்கள், பயிற்சியாளர் ஒருவர் செல்பேசியில் படம் எடுத்து அங்கேயே அவர்களுக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். என்னோடு வந்த பையன் ஒருவன், "சார், நம்ம ஊர்ல இப்படி வந்தா நான் எங்கேயும் போக மாட்டேன்" என்றான். அதற்குப் பிறகு எனக்கு மனசே சரியில்லை.

மனு கொடுக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அங்கே அது எப்படி உருவானது? எங்கள் ஊர்த் திட்டத்தில் எதைக் கேட்க வேண்டும், எதை விட்டுவிடலாம்? தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள், நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

*

பதில் – ஒடிசாவில் ஒருவன்:

சார், நான் பதினொரு வருடமாகப் புவனேஸ்வரில் வேலை பார்க்கிறேன். நீங்கள் பார்த்த கலிங்கா ஒரே வரைபடத்திலிருந்து வந்தது இல்லை. அது பழைய மைதானம்தான், ஒவ்வொரு போட்டியைச் சாக்கிட்டும் ஒவ்வொரு துண்டாக ஒட்டி வளர்ந்தது. 2014-இல் ஹாக்கி இந்தியா லீக்கில் புதிதாகச் சேர்ந்த கலிங்கா லான்சர்ஸ் அணிக்குச் சொந்த மைதானம், 2014 டிசம்பரில் சாம்பியன்ஸ் டிராபி, 2017-இல் உலக ஹாக்கி லீக் இறுதிச்சுற்று, 2018-இல் உலகக் கோப்பை, 2023-இல் மறுபடியும் உலகக் கோப்பை. அந்த முறை ரூர்கேலாவிலும் பிர்சா முண்டா பெயரில் புதிய ஹாக்கி மைதானம் கட்டி ஆட்டங்களைப் பிரித்து நடத்தினார்கள்.

தடகளத்தின் கதை இன்னும் நன்றாக இருக்கும். 2017 ஆசியத் தடகளப் போட்டி முதலில் ராஞ்சிக்குத்தான் போயிருந்தது. அவர்கள் கைவிட்டதும் ஒடிசா கை தூக்கியது, கையில் இருந்தது ஏறக்குறைய 90 நாள். ஓடுதளம், விளக்கு, பயிற்சித் தளம் எல்லாம் அதற்குள் முடிந்தது. அந்தப் போட்டியில்தான் இந்தியா முதன்முறையாக ஆசியப் பதக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. நம் புதுக்கோட்டை கோ. லட்சுமணன் 5000 மீட்டர், 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கியது அந்தத் தளத்தில்தான். நான் மாடத்தில் இருந்தேன். கடைசிச் சுற்றில் அவர் வேகம் பிடித்தபோது சுற்றியிருந்த ஒடியாக்காரர்கள் எல்லாரும் எழுந்து நின்று கத்தினார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

நம்மவர்கள் பலருக்கு மறந்துபோன ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு நாலு வருடம் முன்னால், 2013 ஆசியத் தடகளப் போட்டி சென்னைக்கு வந்திருக்க வேண்டியது. இலங்கை வீரர்கள் வருவது தொடர்பான அன்றைய அரசியல் சூழலில் தமிழக அரசு நடத்த முடியாது என்று சொல்லிவிட்டது, போட்டி புனேவுக்குப் போனது. அது சரியா தவறா என்று இங்கே விவாதிக்க வரவில்லை. ஒரு பெரிய போட்டி கைநழுவினால் அதோடு வரவேண்டிய தளமும் விளக்கும் கருவிகளும் சேர்ந்தே போய்விடுகின்றன என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் போட்டி முடிந்த பிறகு செய்ததுதான் கலிங்காவை வேறு இடத்துக்குக் கொண்டுபோனது என்பது என் கருத்து. 2018-இல் தேசிய ஹாக்கி அணிகளுக்கே மாநில அரசு விளம்பரதாரர் ஆனது. கூடவே ஒவ்வொரு விளையாட்டுக்கும் உயர்செயல்திறன் மையம் என்று தனித்தனியாகத் தொடங்கி, ஒவ்வொன்றையும் அந்த விளையாட்டில் ஈடுபாடுள்ள ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தினார்கள். ஹாக்கிக்கு டாடா, தடகளத்துக்கு ரிலையன்ஸ் அறக்கட்டளை, உடற்பரிசோதனைக்கும் காயம் ஆற்றுவதற்கும் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வாங்கிய அபினவ் பிந்த்ராவின் மையம். கட்டிடம் அரசுடையது, பயிற்சியாளரையும் உடலியல் வல்லுநரையும் கொண்டுவருவது அவர்கள் பொறுப்பு. 100 மீட்டர் தடை தாண்டுதலில் 2023-இல் ஆசிய சாம்பியன் ஆன ஜோதி யர்ராஜி ஆந்திரப் பெண், ஆனால் ஜேம்ஸ் ஹில்லியரிடம் பயிற்சி எடுத்து வளர்ந்தது இந்த ஒடிசா மையத்தில். அடுத்த மாநிலத்துப் பிள்ளை இங்கே வந்து தங்கிப் பயில்கிறாள் என்றால் அந்த இடத்தில் ஏதோ சரியாக நடக்கிறது.

பராமரிப்புக்கு ஒரு உதாரணம். 2019 மே 3 அன்று ஃபானி புயல் அடித்தது. ஊரே இருட்டில் கிடந்தது, மைதானத்திலும் சேதம். ஜூன் 6-ஆம் தேதி அதே இடத்தில் சர்வதேச ஹாக்கித் தொடர் தொடங்கிவிட்டது. ஒரு மாதம்தான். பொறுப்பாக ஒரு ஆள், கையில் பணம், செய்து பழகிய கூட்டம் மூன்றும் அங்கேயே இருந்ததால்தான் முடிந்தது. உங்கள் ஊர்த் திட்டத்தில் கட்டி முடித்த மறுநாள் அது யார் பொறுப்பு என்று எழுதியிருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள்.

*

பதில் – தளம் போடுகிறவன்:

சிவில் இன்ஜினியர். விளையாட்டுத் தளங்கள் போடும் வேலையில் பதினாறு வருடம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் இடக் கணக்கு. எட்டு தடம் கொண்ட 400 மீட்டர் ஓடுதளம் என்றால் ஒரு தடம் 1.22 மீட்டர் அகலம், நேர்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர். வெளிவிளிம்பு வரை அளந்தால் சுமார் 177 மீட்டர் நீளம், 92.5 மீட்டர் அகலம் வரும். ஏறக்குறைய நாலு ஏக்கர். சுற்றிப் பாதுகாப்பு இடைவெளி, நீளம் தாண்டும் குழி எல்லாம் சேர்த்தால் ஐந்து. ஹாக்கித் தளம் 91.4-க்கு 55 மீட்டர், ஓரத்தோடு ஒன்றரை ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் கபடிக் களம் 13-க்கு 10, பெண்களுக்கு 12-க்கு 8, அதனால் ஒரு கொட்டகைக்குள் இரண்டு மூன்று களம் தாராளமாகப் போடலாம். ஆக இருபது ஏக்கர் உங்களுக்குப் போதும். இடமில்லை என்று யாராவது சொன்னால் நீரூற்றும் வண்டி நிறுத்துமிடமும் எத்தனை ஏக்கர் என்று கேளுங்கள்.

அடுத்து மண். இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், ஆனால் யாரும் பேசுவதே இல்லை. தென்மாவட்டம் என்கிறீர்கள், கரிசலாக இருக்க வாய்ப்பு அதிகம். கரிசல் மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். மேலே எவ்வளவு விலை கொடுத்துச் செயற்கைத் தளம் போட்டாலும் அடியில் மண் அசைந்தால் மூன்றாவது கோடையில் கோடு விழும். அந்த மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்பி, இறுக்கி, ஜல்லி போட்டு, அதன்மேல் இரண்டு அடுக்குத் தார் போட்டு, அப்புறம்தான் 13 மில்லிமீட்டர் ரப்பர் வர வேண்டும். மேலே தெரிவது அந்த 13 மில்லிமீட்டர் மட்டும், காசும் ஆயுளும் கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியில் இருக்கிறது. மண் பரிசோதனை அறிக்கையைப் பார்க்க வேண்டும் என்று மனுவில் கண்டிப்பாக எழுதுங்கள்.

தண்ணீர் வடிவது. ஓடுதளம் உள்பக்கமாக நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சாய்ந்திருக்கலாம், ஓடும் திசையில் ஆயிரத்துக்கு ஒன்றுக்கு மேல் சாயக்கூடாது. உள்விளிம்பை ஒட்டி வடிகால் ஓட வேண்டும், அந்த வடிகால் கடைசியில் எங்கே போய் விழுகிறது என்பதும் வரைபடத்தில் இருக்க வேண்டும். பல இடங்களில் வடிகால் மைதானச் சுவர் வரை வந்து அப்படியே நின்றுவிடும். ஐப்பசி மழையில் தண்ணீர் திரும்பி உள்ளே ஏறும், தளம் கொப்புளம் விடும். இடம் பழைய கண்மாய்ப் புறம்போக்காக இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடித்தான் வரும்.

ஓடுதளத்தின் நடுவில் என்ன போடுவது என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நடுவில் செயற்கைப் புல் போட்டுக் கால்பந்து என்று வரைந்துவிடுவார்கள், படத்தில் பச்சைப்பசேல் என்று இருக்கும். போட்ட அன்றே ஈட்டியும் சங்கிலிக் குண்டும் அந்த ஊரில் முடிந்தது. செயற்கைப் புல்லில் ஈட்டி குத்தினால் கிழியும், ஒருமுறை கிழித்தால் அடுத்த நாளே பூட்டு. நடுவில் இயற்கைப் புல்லாக விடச் சொல்லுங்கள், இல்லையென்றால் எறிதலுக்குத் தனியாக ஒரு களம், நல்ல கூண்டோடு. நீங்கள் தேடிய ஈட்டி எறியும் இடம் வரைபடத்தில் இல்லாமல் போனது இப்படித்தான் இருக்கும்.

திசை. எந்த ஆடுகளமாக இருந்தாலும் நீளவாக்கு வடக்கு-தெற்காக இருக்க வேண்டும். கிழக்கு-மேற்காகப் போட்டால் காலையிலும் மாலையிலும் ஒரு பக்கத்துக் கோல்கீப்பர் கண்ணில் நேராக வெயில். நம் ஊரில் விளையாடுவதே அந்த இரண்டு வேளையில்தான். சிமெண்ட் போட்ட பிறகு திருப்ப முடியாது, அதனால் வரைபடத்தில் அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறது என்று பாருங்கள்.

நீச்சல் குளம். 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்றால் 25 லட்சம் லிட்டர் தண்ணீர். அதை வடிகட்ட மின்சாரம், குளோரின், இரவு பகல் ஆள். 25 மீட்டருக்கு 12.5 மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் ஐந்து லட்சம் லிட்டர்கூட வராது. மாவட்ட அளவில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க இது போதும், நன்றாக நீந்துகிற பத்துப் பேர் உருவான பிறகு பெரிய குளம் கேட்கலாம். பெரிதாகக் கட்டி வறண்டு கிடப்பதைவிடச் சிறிதாகக் கட்டித் தினமும் திறந்து வைப்பது எவ்வளவோ மேல்.

உள்ளரங்கம். இறகுப்பந்துக்கு (ஷட்டில்) கூரை உயரம் சர்வதேச அளவில் 12 மீட்டர் கேட்பார்கள். 9 மீட்டராவது இல்லையென்றால் பிள்ளைகள் உயரமாக அடிக்கவே பழக மாட்டார்கள். சிமெண்டின் மேல் நேராகத் தரைவிரிப்பு ஒட்டினால் பதினாறு வயதில் முழங்கால் போய்விடும், அடியில் மெத்தென்ற மரத்தளம் வேண்டும்.

மாடம் பற்றி ஒன்று. லண்டனில் 2012 ஒலிம்பிக்குக் கட்டிய நீச்சல் அரங்கில் போட்டியின்போது 17,500 பேர் உட்கார்ந்தார்கள். இரண்டு பக்கமும் தற்காலிக இருக்கைகள் வைத்து, போட்டி முடிந்ததும் கழற்றிவிட்டு 2,500 இருக்கையோடு 2014-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அவ்வளவு பணக்கார ஊரே தினசரிக்கு 2,500 போதும் என்று முடிவெடுத்திருக்கிறது. உங்கள் ஊரில் நிரந்தர மாடம் ஆயிரம் பேருக்குப் போதும். மிச்சக் காசை மண்ணுக்குள் போடுங்கள்.

*

பதில் – நடைப்பயிற்சி:

எல்லாரும் விளையாட்டு வீரர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். நானும் என் மனைவியும் ஒன்பது வருடமாக எங்கள் ஊர் மைதானத்தில் காலையில் நடக்கிறோம், மாதக் கட்டணம் கட்டுகிறோம். எனக்குச் சர்க்கரை, அவளுக்கு மூட்டுவலி. சாலையில் நடக்க முடியாது, நாயும் லாரியும். போன மாதம் ஒரு இளைஞன் "தாத்தா, முதல் தடத்தில் நடக்காதீர்கள்" என்று சத்தம் போட்டான், மனசு கஷ்டமாகிவிட்டது. பூங்கா என்று பெயர் வைத்துவிட்டு எங்களை வெளியே தள்ளினால் எப்படி? நாங்களும் வரி கட்டுகிறவர்கள்தானே.

*

பதில் – தளம் போடுகிறவன்:

ஐயா, உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்தப் பையன் பக்கமும் இருக்கிறது. எந்தத் தளத்திலும் முதல் தடம்தான் முதலில் தேயும், பந்தயம் அளக்கப்படுவதும் அதில்தான். அவன் வேகமாக வரும்போது முன்னால் ஒருவர் நின்றால் இரண்டு பேருக்கும் ஆபத்து. சண்டை வருவதற்குக் காரணம் கட்டியவர்கள் உங்களுக்கென்று ஒரு பாதை போடாததுதான். ஓடுதளத்துக்கு வெளியே, வேலிக்கு அந்தப் பக்கம், மண்ணும் மரநிழலும் உள்ள மூன்று மீட்டர் நடைபாதை ஒன்று போட்டால் முடிந்தது. ரப்பரில் நடப்பதைவிட இறுகிய மண்பாதை உங்கள் காலுக்கும் ஒன்றும் குறைச்சல் இல்லை. செலவும் ரொம்பக் குறைவு.

*

பதில் – நடைப்பயிற்சி:

அப்படி ஒரு பாதையும் நாலு பெஞ்சும் இருந்தால் நான் ஏன் உள்ளே போகிறேன். பி.டி. சார், இதையும் மனுவில் சேருங்கள். நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்ல ஆசை, ஆனால் உங்கள் ஊர் இல்லை.

*

பதில் – ஓட்டக்காரியின் அம்மா:

என் மகளுக்குப் பதினைந்து வயது, 800 மீட்டர் ஓடுகிறாள். எனக்கு ஆரம், சாய்வு எல்லாம் தெரியாது. நான்கு வருடம் மைதான ஓரத்தில் உட்கார்ந்து பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

கழிப்பறை. இருக்கிறது என்பார்கள், பூட்டியிருக்கும், சாவி யாரிடம் என்று தெரியாது. என் மகள் காலையில் தண்ணீர் குடிக்காமலே பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தாள், எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. மே மாத வெயிலில் ஒரு பெண் குழந்தை தண்ணீர் குடிக்காமல் எட்டுச் சுற்று ஓடுகிறாள் என்றால் அந்த ஓடுதளம் எவ்வளவு தரமாக இருந்து என்ன? மாதவிடாய் நாட்களில் பாதிப் பிள்ளைகள் வரவே மாட்டார்கள். பிறகு சிலர் அப்படியே நின்றுவிடுவார்கள். பயிற்சியாளர்கள் அதை "ஆர்வம் இல்லை" என்று எழுதிக்கொள்வார்கள். மனுவில் கழிப்பறை என்று மட்டும் எழுதாதீர்கள் சார். மைதானத்தைப் பார்த்தபடி வாசல், உள்ளே தாழ்ப்பாள், தண்ணீர், குப்பைத் தொட்டி, மைதானம் திறந்திருக்கும் நேரம் முழுக்க அங்கே ஒரு பெண் பணியாளர் என்று எழுதுங்கள்.

வெளிச்சமும் அப்படித்தான். பிள்ளைகள் பள்ளி விட்டு வர ஐந்து மணி ஆகிவிடும், ஆறரைக்கெல்லாம் இருட்டு. மாடத்துப் பக்கம் மட்டும் விளக்கு எரியும், எதிர்ப்பக்கம் கும்மிருட்டு. அங்கே ஒரு சுற்றுக்கு ஒரு தடவை என் மகள் கண்ணிலிருந்து மறைவாள், திரும்ப வளைவில் தெரியும்வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பேருந்து நிறுத்தத்திலிருந்து வாசல் வரை உள்ள வழிக்கும் விளக்கு வேண்டும். ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கட்டினால் வண்டி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் யாரும் வர மாட்டார்கள். மைதானத்துக்கு வந்து சேருவதே அவர்களுக்கு முதல் பந்தயம்.

நேரத்தையும் எழுதி வாங்குங்கள். 2022 மே மாதம் தில்லி தியாகராஜ் மைதானத்தில் ஏழு மணிக்கே வெளியேறச் சொல்கிறார்கள் என்று பிள்ளைகளும் பயிற்சியாளர்களும் சொன்னது நாடு முழுக்கச் செய்தியானது நினைவிருக்கும். ஒரு அதிகாரி நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பதற்காக என்று படத்தோடு வந்தது. அதற்குப் பிறகு தில்லி அரசு தன் மைதானங்கள் எல்லாம் இரவு பத்து மணி வரை திறந்திருக்கும் என்று அறிவித்தது. அவ்வளவு பெரிய சத்தம் வந்த பிறகு கிடைத்த உத்தரவை நீங்கள் முதலிலேயே பலகையில் எழுதி வைக்கச் சொல்லலாமே.

*

பதில் – விடுதிப் பையன்:

கோவில்பட்டிப் பக்கம். ஹாக்கி. பத்து வருடம் விளையாடினேன், இப்போது ரயில்வேயில் இருக்கிறேன்.

மேலே ஒடிசா அண்ணன் எழுதியது எல்லாம் சரி, ஒன்று விட்டுப்போச்சு. கலிங்காவில் நீலத் தளம் போடுவதற்கு ரொம்ப முன்னாலேயே சுந்தர்கர் மாவட்டத்தில் ஆதிவாசிப் பிள்ளைகள் மூங்கில் குச்சியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ரூர்கேலா பக்கம் பான்போஷில் 1985-இலேயே விளையாட்டு விடுதி வந்துவிட்டது. இந்திய ஹாக்கி அணியின் முன்னாள் கேப்டன் திலீப் திர்கி அந்த மாவட்டத்துக்காரர். பிள்ளைகளும் விடுதியும் முதலில், பெரிய மைதானம் ரொம்பப் பின்னால். அதனால்தான் மைதானம் வந்த அன்றே அதில் இறங்க ஆள் இருந்தது.

நமக்கும் அப்படி ஒரு ஊர் உண்டு, அது எங்கள் கோவில்பட்டி. இங்கே தெருவுக்குத் தெரு ஹாக்கி. அரசு சிறப்பு விளையாட்டு விடுதியும் செயற்கைத் தளமும் வந்த பிறகு என்ன ஆனது பாருங்கள். எங்கள் ஊர் மாரீஸ்வரன் சக்திவேல், அரியலூரிலிருந்து வந்து இங்கே விடுதியில் தங்கிப் பயின்ற கார்த்தி செல்வம், இரண்டு பேரும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியச் சட்டை போட்டார்கள். 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூரில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி நடந்தபோது கார்த்தி அணியில் இருந்தார், இறுதியாட்டத்தில் மலேசியாவை 4-3 என்று ஜெயித்தோம். 1-3 என்று பின்தங்கி இருந்து ஜெயித்தது அது! நாங்கள் இருபது பேர் வேனில் போயிருந்தோம். அந்த மைதானம் 1995 தெற்காசியப் போட்டிகளின் காலத்திலிருந்து வருவது, இந்தப் போட்டிக்காகப் புதுத் தரை போட்டார்கள், பாரிஸ் ஒலிம்பிக்குக்கு என்று தேர்ந்தெடுத்த அதே வகை. 2025 கடைசியில் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பையே நடந்தது. மதுரைக்கு அதற்காகவே புது ஹாக்கி அரங்கம் கிடைத்தது, நாம் வெண்கலம் வாங்கினோம். ஆக நம்மால் முடியாது என்று இல்லை.

பி.டி. சார், உங்கள் ஊர்ப் பிள்ளைகள் எதில் கெட்டி? அதைச் சொல்லவே இல்லையே. பதினைந்து விளையாட்டுக்கும் ஒவ்வொரு மூலை கொடுத்தால் எதற்கும் பயிற்சியாளர் வர மாட்டார். ஏற்கனவே ஊரில் ஓடுகிற இரண்டு விளையாட்டைப் பிடியுங்கள். அதற்கு நிரந்தரச் சம்பளத்தில் பயிற்சியாளர், நாற்பது பிள்ளைகள் தங்க விடுதி, மூன்று வேளையும் முட்டையோடு சாப்பாடு. பதினோரு மாத ஒப்பந்தத்தில் வருகிற பயிற்சியாளர் பிள்ளையின் பெயரைப் பழகுவதற்குள் போய்விடுவார். எனக்கு ஐந்து வருடத்தில் நாலு பேர் மாறினார்கள். ஒவ்வொருவரும் மட்டையைப் பிடிக்கும் விதத்தையே மாற்றச் சொன்னார்கள். நான் ஏன் மாநில அணியோடு நின்றுவிட்டேன் என்று இன்றைக்கும் ராத்திரியில் யோசிப்பேன், அதற்கு இது ஒரு காரணம்.

இன்னொன்று. மைதானத்தில் பொதுக்கூட்டம், கச்சேரி, கண்காட்சி எதுவும் கூடாது என்று எழுதி வாங்குங்கள். ஒரு பந்தல் கால் நட்டால் போதும், தளம் போச்சு.

*

கேள்வி கேட்டவர் – பி.டி. சார்:

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

விடுதித் தம்பி கேட்டதற்குப் பதில்: எங்கள் ஊரில் கபடி, அப்புறம் நடுத்தூர ஓட்டம். இரண்டுக்கும் பணம் அதிகம் வேண்டாம் என்பதால் சுற்றுவட்டாரத்துக் கிராமப் பிள்ளைகள் வருகிறார்கள். மனுவில் இந்த இரண்டையும் முதலில் வைத்து, விடுதியையும் நிரந்தரப் பயிற்சியாளரையும் கேட்கப்போகிறேன். நீச்சல் குளம் 25 மீட்டர் போதும் என்று எழுதிவிட்டேன். வேலிக்கு வெளியே மண்பாதை, நாலு பெஞ்ச், ஐயா சொன்னபடி.

அம்மா எழுதியதைப் படித்துவிட்டு என் பள்ளிப் பெண் பிள்ளைகளிடம் கேட்டேன், அதாவது எங்கள் கணக்கு டீச்சரைக் கேட்கச் சொன்னேன். இருபத்தி மூன்று பேரில் பத்தொன்பது பேர் காலைப் பயிற்சிக்கு வரும்போது தண்ணீர் குடிப்பதில்லையாம். பன்னிரண்டு வருடமாக இந்தப் பிள்ளைகளை ஓட விடுகிறேன், ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. கழிப்பறைப் பகுதியை அந்த டீச்சரே உட்கார்ந்து எழுதுகிறார், பிள்ளைகளும் கூட இருக்கிறார்கள்.

இன்றைக்கு மாலை மறுபடியும் போய் வரைபடத்தைப் பார்த்தேன். அம்புக்குறி மூலையில் சின்னதாக இருந்தது, செல்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் தெரிந்தது. கோல் கம்பம் இரண்டும் கிழக்கிலும் மேற்கிலும் இருக்கிறது. மாடம் தெற்குப் பக்கம், வாசல் நெடுஞ்சாலையைப் பார்த்து வர வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் அப்படித் திருப்பி வரைந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. வடிகால் கோடு சுவரோடு நிற்கிறது.

இன்ஜினியர் சார், ஒரே ஒரு கேள்வி. மாடத்தை மேற்குப் பக்கம் மாற்றி, மொத்தத்தையும் கால்வட்டம் திருப்பச் சொன்னால் அதே இடத்துக்குள் அடங்குமா? இடம் வடக்கு தெற்காக 310 மீட்டர், கிழக்கு மேற்காக 265 மீட்டர்.

*

பதில் – தளம் போடுகிறவன்:

தாராளமாக அடங்கும். 177 மீட்டர் நீளத்தை 310 பக்கமாகப் போடுங்கள், மேற்கே மாடம் வந்தால் மாலை வெயில் பார்வையாளர்களுக்கு முதுகில்தான் விழும், அதுவும் நல்லது. ஓடுதளத்துக்குக் கிழக்கே நூறு மீட்டருக்கு மேல் மிஞ்சும். அதில் வடக்குப் பாதியில் எறிகளம், தெற்குப் பாதியில் கபடிக் கொட்டகையும் விடுதியும். எறியும் திசை வடக்கு நோக்கி இருக்கட்டும், நடைபாதை அந்தப் பக்கம் போகவே கூடாது. கையால் ஒரு படம் வரைந்து நாளை காலைக்குள் இங்கே போடுகிறேன், மனுவோடு இணைத்துக்கொள்ளுங்கள். மண் பரிசோதனை அறிக்கை கிடைத்தால் எனக்கும் அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.